உறைபனிக்காலப் புல்லும் மட்டக்குதிரைகளின் குளம்பழற்சியும்

குளிர்காலப் புல் சத்தற்றது, ஆகவே தீங்கற்றது என்னும் எண்ணம் பிரித்தானியக் குதிரை வளர்ப்போர் சிலரிடம் உண்டு. இதன் பிற்பகுதி பிழையானது. வெப்பநிலை ஏறக்குறைய 5 பாகை செல்சியசுக்குக் கீழிறங்கும்போது புல்லின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. வெயில் இருப்பின் ஒளிச்சேர்க்கையோ தொடர்கிறது. வளர்ச்சிக்குச் செலவாகாத சர்க்கரை, ஃபிரக்டான் என்னும் வடிவில் தண்டின் அடிப்பகுதியில் சேர்கிறது. ஒட்ட மேயப்பட்ட புல்வெளியில் குதிரைக்குக் கிடைப்பதும் அவ்வடிப்பகுதியே.

செட்லாந்து, வெல்சு முதலிய மட்டக்குதிரை இனங்கள் வளங்குன்றிய மேய்ச்சலில் பிழைக்கப் பழகியவை. சர்க்கரை மிகும்போது இவற்றுட் பலவற்றின் குருதியில் இன்சுலின் அளவுமீறி உயர்கிறது. குளம்பெலும்பைக் குளம்புச்சுவருடன் பிணைக்கும் மென்தகடுகள் அதனால் நலிகின்றன. நோய் முற்றினால் எலும்பு இடம்பெயரும். அந்நிலையில் கருணைக்கொலையே வழியாகிவிடுவதும் உண்டு.

எனவே, உறைபனி படிந்து வெயில் எறிக்கும் காலைகளில், முன்பு இந்நோய் கண்ட குதிரைகளை லாயத்திலேயே நிறுத்திவைத்தல் நன்று. விடியற்கால மேய்ச்சலே பாதுகாப்பானது எனப் பொதுவாகக் கூறுவர். இரவில் புல் தன் சர்க்கரையைச் செலவிட்டுவிடும் என்பது காரணம். உறைபனி இரவுக்கு அது பொருந்தாது. மாற்றாக, நீரில் ஊறவைத்து வடித்த உலர்புல்லைத் தரலாம். சர்க்கரையின் ஒரு பகுதி அந்நீருடன் நீங்கிவிடும். பட்டினி போடுதல் மட்டும் கூடாது: மட்டக்குதிரைகளில் அது குருதிக்கொழுப்பை உயிருக்கு ஊறு நேரும் அளவுக்கு உயர்த்தக்கூடும்.