பனிச்சாலையில் பிரேக் ஏன் ஏமாற்றுகிறது? இமயமலைப் பயணத்திற்கு முன் அறிய வேண்டியவை

மணாலி (இமாச்சலப் பிரதேசம்): டிசம்பர் பிறந்துவிட்டால் மணாலி, குல்மார்க், அவுலி, சிக்கிமின் நாதுலா எனப் பனி பொழியும் இடங்களை நோக்கிச் சுற்றுலாப் பயணிகளின் வாகனங்கள் அணிவகுக்கத் தொடங்குகின்றன. அவற்றில் பலவற்றை ஓட்டிவருபவர்கள், வாழ்நாளில் ஒருமுறைகூடப் பனிமேல் சக்கரம் உருட்டியிராத சமவெளி ஓட்டுநர்கள். 'பனி' என்று கேட்டால் மார்கழி விடியலின் மூடுபனியும், உதகையின் புல்வெளியில் படரும் உறைபனியும்தான் தமிழகப் பயணிகளின் நினைவுக்கு வரும். சாலையில் ஓர் அடி உயரத்திற்குக் குவிந்து, டயரின் அடியில் இறுகிக் கண்ணாடியாக மாறும் இமயமலைப் பனி முற்றிலும் வேறானது. அங்கே சமவெளிப் பழக்கங்களே முதல் ஆபத்தாக மாறுகின்றன.

2024 டிசம்பர் 27 அன்று மணாலியை அடுத்த சோலாங் பகுதியில் திடீரெனக் கொட்டிய பனியில் சுமார் 1,000 வாகனங்கள் சிக்கிக்கொண்டன. அவற்றில் இருந்த ஏறத்தாழ 5,000 பேரைக் குல்லு மாவட்டக் காவல்துறையினர் மீட்டனர். காலையில் வெறும் தார்ச்சாலையாக இருந்த பாதை, மாலைக்குள் நகர முடியாத வாகன வரிசையாக மாறிவிடும் என்பதற்கு இச்சம்பவம் ஓர் எடுத்துக்காட்டு.

பனி எப்போது பொழிகிறது?

மத்தியத் தரைக்கடல் பகுதியில் உருவாகி மேற்கிலிருந்து நகர்ந்துவரும் 'மேற்கத்திய இடையூறு' எனப்படும் வளிமண்டல அமைப்புகளே, குளிர்காலத்தில் காஷ்மீர், லடாக், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட் ஆகிய பகுதிகளுக்குப் பனிப்பொழிவைக் கொண்டுவருகின்றன. இவற்றின் வருகையைச் சில நாட்களுக்கு முன்னரே இந்திய வானிலை ஆய்வு மையம் கணித்து, மாவட்ட வாரியாக வண்ண எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளில் மலையேறுவதைத் தவிர்த்து, ஒரு நாள் விடுதியிலேயே தங்கிவிடுவது பயணச் செலவில் சிறிது கூட்டினாலும் பாதுகாப்பானது.

2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை, 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தங் கணவாயைக் கடக்காமலேயே மணாலியிலிருந்து லாஹௌல் பள்ளத்தாக்கை அடைய வழிசெய்தது. முன்பு குளிர்காலத்தில் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்த சிஸ்ஸு போன்ற ஊர்களுக்கு இப்போது ஒரே நாளில் சென்று திரும்பலாம். ஆனால் சுரங்கத்தின் இரு வாயில்களும் 3,000 மீட்டருக்கு மேல் அமைந்துள்ளன. உள்ளே சாலை உலர்ந்திருந்தாலும், வாயிலுக்கு வெளியே பனி காத்திருக்கக்கூடும் என்பது குறிப்பிடத்தக்கது.

பிரேக் ஏன் பிடிப்பதில்லை?

வாகனத்தை நிறுத்துவது பிரேக் மட்டுமல்ல. டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வும்தான். பிரேக் சக்கரத்தின் சுழற்சியை நிறுத்துகிறது. அதன்பின் வண்டி நிற்பதா, வழுக்கிச் செல்வதா என்பதை உராய்வே தீர்மானிக்கிறது.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக்கை அழுத்திய பின் சுமார் 9 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் அதே கார் நிற்பதற்கு 30 மீட்டருக்கு மேல் தேவைப்படும். பனிக்கட்டி படிந்த சாலையில் இது 60 மீட்டரையும் தாண்டும். வேகத்தை 20 கி.மீ.ஆகக் குறைத்தால், அதே பனிக்கட்டியில் நிற்கும் தூரம் ஏறத்தாழ 16 மீட்டராகச் சுருங்கிவிடும். வேகம் பாதியானால் நிற்கும் தூரம் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதே இதன் கணக்கு.

இவை சமதளத்திற்கான அளவுகள். இறக்கத்தில் நிலைமை மேலும் கடுமையாகிறது. பனிக்கட்டி படிந்த பாதை, 10 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவில் சரிந்திருந்தால், டயரின் பிடிமானமும் வண்டியைக் கீழே இழுக்கும் விசையும் ஏறக்குறைய சமமாகிவிடும். அதாவது, பிரேக்கை முழுமையாக அழுத்தினாலும் கார் நிற்காமல் போகலாம். மலைச்சாலையில் ஏறிச் சென்றவர்கள் இறங்கும்போது விபத்தில் சிக்குவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

4 சக்கர இயக்கம் காப்பாற்றுமா?

நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜினின் விசை செல்லும் 'ஃபோர் வீல் டிரைவ்' வாகனங்கள், பனியிலிருந்து கிளம்புவதற்கும் ஏற்றத்தில் ஏறுவதற்கும் பெரிதும் உதவுகின்றன. பனிப்பொழிவு நாட்களில் சோலாங்கைத் தாண்டி இவ்வகை வாகனங்களை மட்டும் காவல்துறையினர் அனுமதிப்பதும் உண்டு. ஆனால் எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும்தான் செல்கிறது. எனவே நிற்பதிலும் வளைவில் திரும்புவதிலும் இவ்வாகனங்களுக்குக் கூடுதல் பலன் ஏதுமில்லை. எளிதாக ஏற முடிவதால் பிறக்கும் தன்னம்பிக்கையே இவற்றின் ஓட்டுநர்களுக்கு ஆபத்தாக முடிகிறது.

நிறுத்தும் ஆற்றலைக் கூட்டுபவை டயர்களும் டயர் சங்கிலிகளும் மட்டுமே. இன்ஜின் எந்தச் சக்கரங்களை இயக்குகிறதோ, அவற்றில்தான் சங்கிலி மாட்டப்பட வேண்டும். பெரும்பாலான சிறிய கார்களில் அவை முன்சக்கரங்கள். பனி தொடங்கும் இடத்திற்கு முன்பே, சமமான இடத்தில் வண்டியை நிறுத்திச் சங்கிலியை மாட்டுவது நல்லது. சங்கிலியுடன் மெதுவாகவே செல்ல வேண்டும். பனியற்ற சாலை வந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லையெனில் சங்கிலியும் டயரும் சேதமடையும்.

கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி

வெண்ணிறப் பனியைவிட அஞ்ச வேண்டியது, 'பிளாக் ஐஸ்' என ஓட்டுநர்கள் அழைக்கும் மெல்லிய பனிக்கட்டிப் படலம். பகல் வெயிலில் உருகிய நீர் சாலையில் பரவி, வெயில் மறைந்ததும் அப்படியே உறைந்துவிடுகிறது. நிறமற்றது என்பதால் அதனடியில் உள்ள தாரே தெரியும். பார்ப்பதற்கு ஈரமான சாலைபோல் தோன்றும். மலையின் நிழல் விழும் வளைவுகள், பாலங்கள், ஓடைநீர் குறுக்கிடும் இடங்கள் ஆகியவற்றில் இது மிகுதியாக உருவாகிறது.

ஆகவே பனிமலைப் பயணத்தில் வரைபடத்தைப் போலவே கடிகாரமும் முக்கியம். விடியற்காலையில் கிளம்பாமல், வெயில் ஏறி, சாலையில் மணலோ உப்போ தூவப்பட்ட பின் கிளம்புவது நல்லது. திரும்பும் நேரத்தை மேலே சென்றபின் முடிவு செய்யாமல், கிளம்பும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். பிற்பகல் 3 மணிக்குள் பனிப்பகுதியை விட்டு இறங்கத் தொடங்கினால், சாலை உறையும் முன் விடுதியை அடைந்துவிடலாம். இடையே பனி பொழியத் தொடங்கினால், குறித்த நேரத்திற்குக் காத்திராமல் உடனே திரும்பிவிட வேண்டும்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

* இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாவது கியரில் மட்டும் இறங்க வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலையைப் பெரிதும் இன்ஜினிடம் விட்டுவிட வேண்டும். நியூட்ரலில் இறங்குவது உயிருக்கே உலை வைக்கும்.

* பிரேக், ஆக்ஸிலேட்டர், ஸ்டீயரிங் ஆகிய மூன்றையும் மென்மையாகக் கையாள வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் பிடிக்காமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

* முன்செல்லும் வாகனத்துடன் வழக்கத்தைவிடப் பல மடங்கு இடைவெளி விட வேண்டும். ஏற்றத்தில் முன்னால் உள்ள வண்டி பின்னோக்கி வழுக்கி வரவும் வாய்ப்புண்டு.

* இரு வாகனங்கள் கடக்க முடியாத குறுகிய மலைச்சாலையில், இறங்கும் வாகனம் ஒதுங்கி நின்று ஏறும் வாகனத்திற்கு வழிவிட வேண்டும் என்பது விதி. பனியில் ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்புவது மிகக் கடினம் என்பதால், இவ்விதி இங்கே கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

* வண்டி வழுக்கத் தொடங்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, செல்ல வேண்டிய திசையை நோக்கி ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்ப வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள கார்களில் அவசரமாக நிறுத்த நேர்ந்தால், பிரேக்கை அழுத்தியபடியே வைத்திருக்க வேண்டும். காலடியில் உணரும் அதிர்வு கோளாறு அல்ல. அக்கருவி இயங்குவதன் அறிகுறி.

* இரவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் உறைந்து இறுகிவிடக்கூடும். சமமான இடத்தில் கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைப்பதே உள்ளூர் வழக்கம். வைப்பர்களைத் தூக்கி வைக்க வேண்டும். காலையில் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் அது விரிசல் விடும்.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?

2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரி மலைவாசத்தலத்தில், கடும் பனிப்பொழிவில் சிக்கிய வாகனங்களில் இருந்த 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குளிருடன், கார்களுக்குள் பரவிய கார்பன் மோனாக்சைடு வாயுவும் உயிரைப் பறித்ததாகக் கூறப்பட்டது. வண்டியைச் சுற்றிக் குவியும் பனி சைலன்சர் குழாயை அடைத்துவிட்டால், வெளியேற வேண்டிய நச்சுப்புகை காருக்குள் புகுந்துவிடும். இவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், தூக்கம் என அது படிப்படியாக உயிரைக் குடிக்கும்.

எனவே ஹீட்டரை இயக்குவதற்கு முன் இறங்கிச் சென்று சைலன்சரைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். ஒரு மணி நேரத்திற்கு 10 நிமிடம் மட்டும் இன்ஜினை இயக்கி, காற்று வீசாத பக்கத்து ஜன்னலைச் சிறிது திறந்து வைக்க வேண்டும். பனிகொட்டும் இருளில் காரை விட்டு இறங்கி நடக்கத் தொடங்குவது வழிதவறுவதற்கே இட்டுச்செல்லும். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம். குளிரில் கைபேசியின் மின்கலம் விரைவில் தீரும் என்பதால், அதை உள்சட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது.

கம்பளி, குடிநீர், உலர் உணவு, டார்ச், சிறு மண்வெட்டி, இழுவைக் கயிறு, சக்கரத்தின் கீழ் தூவ ஒரு பை மணல் ஆகியவை காரில் இருக்க வேண்டும். எரிபொருள் தொட்டி பாதிக்குக் குறையாமல் இருப்பது அவசியம். சாதாரண டீசல் கடுங்குளிரில் கெட்டிப்பட்டுவிடும். இதற்காகவே லடாக் போன்ற பகுதிகளுக்கென மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-ல் அறிமுகப்படுத்தியது. விடுதி அறையிலும் இதே நச்சுவாயு ஆபத்து உண்டு. மூடிய அறைக்குள் கரி அடுப்பை எரியவிட்டு உறங்கக் கூடாது.

பனியில் விளையாடும் முன்

பருத்தி ஆடை ஈரத்தை உறிஞ்சி உடலின் வெப்பத்தைப் பறித்துவிடும். உடலை ஒட்டி வியர்வையைக் கடத்தும் உள்ளாடை, நடுவில் கம்பளி, வெளியே காற்றும் நீரும் புகாத மேலங்கி என மூன்று அடுக்குகளாக உடுத்துவதே முறை. மணாலி - சோலாங் சாலையோரக் கடைகளில் பனி உடையும் காலணியும் வாடகைக்குக் கிடைக்கின்றன. நனைந்த காலுறை, கையுறைகளை உடனே மாற்ற வேண்டும். குழந்தைகளின் விரல், காது, மூக்கு ஆகியவை வெளுத்து மரத்துப்போனால் அது உறைகாயத்தின் தொடக்கம். அவ்விடத்தைத் தேய்க்காமல், மெல்ல வெதுவெதுப்பூட்ட வேண்டும். குளிருக்கு மது இதம் தரும் என்பது தவறான நம்பிக்கை. அது தோலின் இரத்தக் குழாய்களை விரியச்செய்து உடல் வெப்பத்தை விரைவாக இழக்கவைக்கிறது.

புதிய பனி, சூரியனின் புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பக்கூடியது. எனவே கறுப்புக் கண்ணாடி அணியாவிட்டால் கண்களில் எரிச்சலும் தற்காலிகப் பார்வையிழப்பும் நேரிடலாம். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் தோன்றினால் மேலும் ஏறாமல் கீழே இறங்கிவிட வேண்டும். குல்மார்க் கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுசெல்கிறது என்பதை இதய, சுவாச நோயாளிகள் மனத்தில் கொள்ள வேண்டும்.

தடுப்புக்கு அப்பால் செல்லக் கூடாது

2023 ஏப்ரல் 4 அன்று கேங்டாக் - நாதுலா சாலையில் ஏற்பட்ட பனிச்சரிவில் சுற்றுலாப் பயணிகள் 7 பேர் உயிரிழந்தனர். 13-வது மைல் வரை மட்டுமே அனுமதி வழங்கப்பட்டிருந்த நிலையில், பயணிகள் அதைக் கடந்து சென்றிருந்ததாக அப்போது அதிகாரிகள் தெரிவித்தனர். புதுப்பனி விழுந்த மறுநாள், வெயிலடிக்கும் அழகிய சரிவுகளே பனிச்சரிவுக்கு மிக ஏதுவானவை. சண்டிகரில் இயங்கும் பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனம் பனிச்சரிவு அபாய எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. காவல்துறையும் எல்லைச் சாலைகள் அமைப்பும் ஒரு பாதையை மூடினால், அதன் பின்னால் இத்தகைய காரணம் இருக்கும்.

பனியில் ஓட்டிய அனுபவம் இல்லாதவர்கள், தம் காரை மணாலியிலோ ஸ்ரீநகரிலோ நிறுத்திவிட்டு, உள்ளூர் ஓட்டுநருடன் வாடகை வாகனத்தில் செல்வதே சிறந்த வழி. எந்த வளைவில் வெயில் படாது, எந்த மேகம் பனியைக் கொட்டும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள். 2024 டிசம்பர் இறுதியில் காஷ்மீரில் கொட்டிய பனியில், கந்தர்பால் மாவட்டத்தின் குண்ட் பகுதியில் பஞ்சாபைச் சேர்ந்த பயணிகள் சிக்கியபோது, அவ்வூர் மக்கள் பள்ளிவாசலின் கதவைத் திறந்து இரவு தங்கவைத்தனர். 'இன்று போகாதீர்கள்' என்று மலைமக்கள் சொன்னால், அதைக் கேட்டு நிற்பதே பாதுகாப்பான பயணத்தின் முதல் விதி. பாதை திறந்ததும் அதே பனியை மறுநாள் கண்டு மகிழலாம்.