சுவத்துல பூஞ்சையா? யாரைக் கூப்பிடணும்?

மழை சீசன் முடிஞ்சதும் உங்க வீட்டுச் சுவர்ல கருப்புத் திட்டு தெரியுதா? உடனே பெயின்டரைக் கூப்பிடாதீங்க. பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சா பூஞ்சை மறையும். உள்ளே ஈரம் இருந்தா திரும்ப வரும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. சொல்ற கணக்கு இது: திட்டு சுமார் 10 சதுர அடிக்குள்ள இருந்தா பெரும்பாலும் நாமே சுத்தம் பண்ணலாம். மாஸ்க், கிளவுஸ் அவசியம். அதுக்கு மேல போனா ஆள் தேவை.

எந்த ஆள்? பாத்ரூமை ஒட்டின சுவர்னா முதல்ல பிளம்பர். மொட்டை மாடி ஒழுகினா வாட்டர்ப்ரூஃபிங் செய்றவர். தரையிலிருந்து ஓதம் ஏறினா சிவில் இன்ஜினியர்.

வர்றவர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: தண்ணி எங்கிருந்து வருது? மாய்ஸ்சர் மீட்டர் வெச்சுப் பார்ப்பீங்களா? சுவர் காய்ஞ்சதை எப்படி உறுதி பண்ணுவீங்க? முதல் கேள்விக்கே பதில் இல்லாம ரேட் பேசினா, வேற ஆளைப் பாருங்க.

வீட்ல யாருக்காவது வீசிங் இருந்தா, சுரண்டும்போது அந்தப் பக்கமே விடாதீங்க.

கடைசியா, போன மழைக்கு முன்னாடி அவர் வேலை செஞ்ச ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்க. ஒரு மழையைத் தாங்கின சுவரை நம்பலாம்.