சி மொழியின் மடக்கும் 'வரை' என்னும் சொல்லுருபும்

ஒரு செயலைத் திரும்பத் திரும்ப நிகழ்த்தும் நிரற்கூற்றைத் தமிழ்ப் பாடநூல்கள் 'மடக்கு' என வழங்குகின்றன. அணியிலக்கணத்தில் மடக்கு என்பது, முன் வந்த எழுத்துத்தொடரே மீண்டும் வந்து வேறு பொருள் தருவது. நிரலிலும் வந்த பெயரே சுற்றுதோறும் வேறு மதிப்பேற்று வருதலின், இப்பெயரீடு பொருத்தமுடையதே.

1972 அளவில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியின் மடக்கு, தமிழ் எழுத்தில் தருவதாயின், 'ஃபார் (எ = 0; எ < 10; எ++)' என்று அமையும். 'எ' மும்முறை வருகிறது. பாஸ்கல் மொழியின் மடக்குத் தலைப்பில் ஒருமுறை வந்தாலே போதும். எனவே சி மொழியின் அமைப்பு, நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் 'கூறியது கூறல்' ஆகுமோ எனின், ஆகாது. தொடக்கம், வரம்பு, வளர்ச்சி என மூன்றிடத்தும் பணி வேறு. பாஸ்கல் மடக்கு ஒவ்வொன்றாகவே ஏறும் அல்லது இறங்கும். சி மடக்கு இரண்டிரண்டாகவும் இருமடங்காகவும் செல்லவல்லது. உண்மையான இடர் 'குன்றக் கூறல்' பக்கமே உள்ளது. வரம்பை எழுதாது விட்டாலும் சி ஏற்றுக்கொள்ளும்; மடக்கு தானே நில்லாது. அடுக்குக்கு விரைசொல்லில் மூன்று, இசைநிறையில் நான்கு என எல்லை வகுத்த தொல்காப்பியர் இதனை ஒப்பியிரார்.

முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி, சி மொழியின் 'வொயில்' மடக்கிற்கு இணையாக '@(எ < 10) வரை' என எழுதுகிறது. 'முடி' என முடிக்கிறது. உருபு பின்வருதல் தமிழ் மரபே. ஆயின் 'வரை' ஒருபொருட்சொல் அன்று. 'கடலூர் முதல் சிதம்பரம் வரை' பயணச்சீட்டு எடுத்தவர் சிதம்பரத்தில் இறங்குவார்; எல்லை உள்ளடங்கும். 'சிதம்பரம் வரும்வரை உறங்கினார்' என்புழி, வருகை நிகழ்ந்ததும் உறக்கம் முடியும். 'பேருந்து ஓடும்வரை உறங்கினார்' என்புழி, ஓட்டம் நிகழுங்கால் உறக்கம் தொடரும். வினை கணநேர நிகழ்வாயின் முடிவையும், நீடிப்பதாயின் தொடர்ச்சியையும் ஒரே உருபு உணர்த்துகிறது.

எழில் கொள்வது மூன்றாம் பொருள். புதிதாகப் பயில்வோர் 'எ, 10-இனும் குறையும்வரை' எனக் கொண்டால் நிரல் தலைகீழாகும். '1 முதல் 10 வரை' என்னும் பழக்கத்தில் கொண்டால் 10 உள்ளே வரும் எனக் கருதுவர். 'உள்ளவரை' அல்லது 'உள்ளளவும்' என்றிருப்பின் நிலைவினை தொடர்ச்சியையே சுட்டும். கூடுவன மூன்று நான்கு எழுத்துகளே.