நுனி தேய்ந்த கல்லீரல்

பாதியை வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளர்ந்துவிடும் உறுப்பு கல்லீரல். அப்படிப்பட்டது சிரோசிஸ் முற்றியதும் வளர மறுப்பது ஏன்? தழும்பேறி இறுகிவிட்டது என்பதற்கு மேல் நெடுங்காலம் விளக்கம் கிடையாது.

துப்பு கிடைத்தது குளத்துத் தண்ணீரில் வாழும் டெட்ராஹைமீனா என்ற ஒருசெல் உயிரியில். குரோமோசோமின் நுனியான டெலோமியரில் ஒரே சிறு வரிசை திரும்பத் திரும்ப வருவதை 1978இல் எலிசபெத் பிளாக்பர்னும் ஜோசப் காலும் வெளியிட்டார்கள். அந்த நுனியை நீட்டும் டெலோமரேஸ் நொதியின் தடயத்தை 1984 கிறிஸ்துமஸ் அன்று கேரல் கிரைடர் பார்த்தார். (விடுமுறை எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை.)

செல் பிரியப் பிரிய நுனி தேயும்; மிகவும் தேய்ந்ததும் செல் பிரிவதை நிறுத்திவிடும். வைரஸோ மதுவோ ஆண்டுக்கணக்கில் செல்களைக் கொல்ல, மிஞ்சியவை ஈடுகட்டப் பிரிந்துகொண்டே இருக்கின்றன. டெலோமரேஸ் இல்லாத எலிகளுக்குச் சிரோசிஸ் சீக்கிரம் வருவதையும், டெலோமரேஸ் மரபணுவைச் செலுத்தினால் அது குறைவதையும் 2000இல் காட்டினார்கள். இரண்டே ஆண்டில் மனிதக் கல்லீரலிலும் அதே தேய்மானம் தெரிந்தது: காரணம் எந்த நோயானாலும் சரி, தேய்ந்திருந்தது கல்லீரல் செல்களில்தான், பக்கத்திலிருந்த தழும்புச் செல்களில் அல்ல.

தேய்ந்த செல் ஓய்ந்துவிட்டால் புற்றுநோய் வரக்கூடாதே என்று தோன்றும். ஆனால் காவலிழந்த நுனிகளால் குரோமோசோம்கள் சிதைகின்றன. அந்தக் குழப்பத்தில் ஏதோ ஒரு செல் டெலோமரேஸை மறுபடி முடுக்கிவிட்டால், அது சாகாவரம் பெற்றுவிடுகிறது. கல்லீரல் புற்றுக் கட்டிகளில் ஏறத்தாழ 60 சதவீதத்தில், டெலோமரேஸ் மரபணுவை இயக்கும் முகப்பிலேயே பிழை இருப்பதை 2013இல் பாரிஸைச் சேர்ந்த ஜெசிகா சுக்மன்-ரோஸியின் குழு கண்டறிந்தது. புற்றாக மாறும் முன்னரே கல்லீரலின் சில முடிச்சுகளில் அந்தப் பிழை தென்படுகிறது. ஹெப்படைட்டிஸ் பி வைரஸோ சில கட்டிகளில் அதே மரபணுவருகே தன் டி.என்.ஏ.வைச் செருகிவிடும். அன்று நுனியின் நீளத்தை அளந்தவர்கள் இன்று அதை நீட்டும் விசையைக் கவனிக்கிறார்கள்.

ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களின் டெலோமியரை அளப்பது இப்போது எளிது. ஆனால் அது ரத்தத்தின் கதை. கல்லீரல் புற்று விஷயத்தில் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அதை நம்பிப் பணம் செலவழிப்பது வீண். கல்லீரல் புற்றைக் கண்டறிய, 1960களில் கண்டுபிடித்த ஏ.எஃப்.பி. (ஆல்ஃபா-ஃபீட்டோபுரோட்டீன்) ரத்தப் பரிசோதனைதான், குறைகளோடு, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது சிரோசிஸ் இருந்தால், புற்றை முன்கூட்டியே கண்டறிய ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.