அப்பிள் பான்கேக்: ஊர் மாறி, பெயர் மாறி வந்த பலகாரம்

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 1953இல் தொடங்கியது 'ஒரிஜினல் பான்கேக் ஹவுஸ்' என்ற காலையுணவுக் கடை. அங்கே அப்பிள் பான்கேக் கேட்டால் காத்திருக்க வேண்டும். அது கல்லில் ஊற்றிப் புரட்டி எடுப்பதல்ல. அவணில் வேக வைப்பது. ஒன்றை இருவர் தாராளமாகப் பகிரலாம். மேலே சீனியும் கறுவாவும் பாகாகி மினுங்கும்.

அந்நகரில் வசிக்கும் அக்கா வீட்டில் இதை நானே செய்து பார்த்தேன். இரும்புத் தாச்சியில் பட்டரை உருக்கி, புளிப்பான பச்சை அப்பிள் துண்டுகளைச் சீனி, கறுவாத்தூளுடன் வதக்க வேண்டும். முட்டை, பால், கோதுமை மா கலந்த கரைசலை அதன்மேல் ஊற்றி, 220 பாகை செல்சியஸ் சூட்டில் சுமார் 20 நிமிடம் வைக்க வேண்டும். பேக்கிங் பவுடர் தேவையில்லை. கரைசலிலுள்ள நீர் ஆவியாகி மாவை மேலே தள்ளும்; முட்டை இறுகித் தாங்கும்.

வெளியே எடுத்ததும் அது தாழ்ந்துபோனது. பழுதாக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

"அது அப்பிடித்தான். ஆற முதல் சாப்பிடு" என்றார் அக்கா.

இது ஜேர்மன் குடியேறிகள் கொண்டுவந்த பக்குவம். அப்பிள் சேர்க்காமல் செய்வதை 'டச் பேபி' என்பார்கள். அதற்கும் ஒல்லாந்துக்கும் தொடர்பில்லை. ஜேர்மனியர் தம்மைக் குறிக்கும் 'டொய்ச்' என்ற சொல்லே அமெரிக்க நாவில் 'டச்' ஆனது என்று சொல்வார்கள்.

அக்காவின் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் வேறு: 'அப்பிள் அப்பம்'. ஊரில் அப்பம் சுடுவதை அவர்கள் கண்டதில்லை. ஆனாலும் அந்தச் சொல் அவர்களிடம் இருக்கிறது.