தழும்புக்குள் சிக்கிய நரம்பு

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் மதுரை வண்டி ஏறி, உட்கார இடம் கிடைக்காமல் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சின்னாளப்பட்டி தாண்டுவதற்குள் கை கனக்கும். கொடைரோடு வருவதற்குள் சுண்டுவிரல் பக்கம் மதமதவென்று ஆகும். கையை இறக்கி இரண்டு உதறு உதறினால் தீர்ந்தது.

சிலருக்குத் தீர்வதில்லை. கம்பியைப் பிடித்த இரண்டாவது நிமிடமே முழங்கையிலிருந்து சுண்டுவிரல்வரை சுளீர் என்கிறது. கொடியில் துணி காயப்போடுவது, தலை பின்னுவது, பரணிலிருந்து அண்டாவை இறக்குவது என்று கை தோளுக்கு மேலே போகிற வேலையெல்லாம் வினையாகிவிடுகிறது. அமெரிக்காவின் டென்வர் நகரில் இருந்த அறுவை மருத்துவர் டேவிட் ரூஸ் இதையே ஒரு சோதனையாக வைத்தார். போலீஸிடம் சரணடைகிறவரைப் போல இரு கைகளையும் தூக்கிக்கொண்டு, மூன்று நிமிடம் விரல்களை மூடி மூடித் திறக்க வேண்டும். நல்ல கைக்கு அலுப்பு மட்டும் வரும். நோய் உள்ள கை பாதியிலேயே இறங்கிவிடும். நம் ஊர் பஸ் ஏறக்குறைய இதே சோதனையை டிக்கெட் காசு வாங்கிக்கொண்டு செய்கிறது.

நோயின் பெயர் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம். கழுத்துத் தண்டிலிருந்து கிளம்பும் ஐந்து நரம்பு வேர்கள் பின்னல்போல முறுக்கிக்கொண்டு கைக்கு இறங்குகின்றன. இறங்கும் வழியில் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு சந்து. கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியும் அதே சந்துக்குள்தான் போயாக வேண்டும். இருபுறமும் ஸ்கேலீன் என்ற கழுத்துத் தசைகள் சுவர்போல நிற்கின்றன. சுவர் தடித்தாலோ தரை உயர்ந்தாலோ கூரை தாழ்ந்தாலோ சந்தில் போகிறவர்களுக்குத்தான் இடி. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மாட்டிக்கொள்வது நரம்பு. சந்தின் அடித்தளத்தில், விலா எலும்பின் மேலேயே படுத்திருக்கும் நரம்பு சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் போவதால் மரப்பு அங்கேதான் முதலில் தெரியும். நூற்றில் ஒருவர் என்ற அளவுக்கும் குறைவானவர்களுக்குக் கழுத்தில் கூடுதலாக ஒரு குட்டி விலா எலும்பு பிறவியிலேயே இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள்.

இந்தச் சந்தை நெருக்கும் வேலைகளுக்குத் திண்டுக்கல் பக்கம் பஞ்சமில்லை. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன்கள் தோளில் ஏற்றும் மூட்டை, காறை எலும்பை நேராகக் கீழே அழுத்துகிறது. இரண்டாம் உலகப் போரின்போது முதுகுப்பை சுமந்த சிப்பாய்களிடம் இதே அழுத்தத்தைப் பார்த்து ஃபால்கனர், வெடெல் என்ற இரு மருத்துவர்கள் 1943-இல் எழுதினார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல், ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. மார்க்கெட்டில் மூட்டையை எடைபோடுவது விலைக்காகத்தான், தோளுக்காக அல்ல. பூட்டுப் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்து அரம் போடுகிறவர், தறியில் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கிற நெசவாளர் ஆகியோருக்குத் தோள் முன்னால் சரிந்து சரிந்து கூரை தாழ்கிறது.

கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. முதலில் சுளுக்கு என்று எண்ணெய் தேய்ப்பார்கள். அடுத்தது ‘கழுத்து எலும்பு தேய்மானம்’ என்று பட்டை மாட்டுவார்கள். மருத்துவ உலகமும் இதில் ஒரே குரலில் பேசியதில்லை. 1990-இல் ஒரே நரம்பியல் ஆய்விதழில், ரூஸ் இந்த நோயை யாரும் மதிப்பதில்லை என்று எழுதினார். நரம்பியல் மருத்துவர் ஏசா வில்போர்ன், இல்லாத இடத்திலெல்லாம் இதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று எழுதினார். இரண்டுமே உண்மை என்பதுதான் என் கட்சி.

சிகிச்சை முதலில் உடற்பயிற்சிதான். அதில் தீராதவர்களுக்குக் கத்தி. 1861-இல் லண்டனில் ஹோம்ஸ் கூட் கழுத்து விலா எலும்பை எடுத்தார். 1910-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மர்ஃபி சாதாரண முதல் விலா எலும்பையே எடுத்தார். 1966-இல் ரூஸ் அதை அக்குள் வழியாக எடுக்கும் முறையை எழுதினார். விலா எலும்பை எடுத்தால் நெஞ்சு சரிந்துவிடாதா என்று கேட்பார்கள். பன்னிரண்டு ஜோடியில் ஒன்று போனால் நெஞ்சுக்கூட்டுக்குத் தெரிவதுகூட இல்லை.

இனிதான் விஷயம். ஒரு லோடுமேனை வைத்துக்கொள்வோம். வயது முப்பத்தைந்து, வலது கை. அறுவை முடிந்து மூன்று மாதத்தில் கை லேசாகிவிட்டது. ஒரு வருடம் நன்றாகப் போனது. பிறகு ஒரு நாள் அதே சுண்டுவிரல், அதே மதமதப்பு. “ஏண்ணே, எலும்பையே எடுத்தாச்சு, இன்னும் என்ன வலி?” என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். அவருக்கே அது புரியவில்லை. வெட்டினவர் சரியாக வெட்டவில்லை என்ற முடிவுக்கு வீடு வந்துவிடுகிறது.

சில சமயம் அது சரிதான். விலா எலும்பின் பின்பக்கத் துண்டு நீளமாக விடப்பட்டிருக்கலாம். எலும்பை மூடியிருக்கும் மெல்லிய உறையில் கொஞ்சம் தங்கிவிட்டாலும் போதும், அதிலிருந்து புது எலும்பு முளைக்கும். விலா எலும்பு அப்படி வளரக்கூடியது. முகச் சீரமைப்புக்கு விலாவிலிருந்து எலும்பு எடுப்பவர்கள் உறையை விட்டுவைப்பது அதனால்தான். இங்கே அதே குணம் எதிரியாகிறது. ஆனால் பெரும்பாலும் குற்றவாளி வெளியிலிருந்து வந்தவனல்ல. உடம்பு தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொண்டதுதான் காரணம்.

கத்தி பட்ட இடத்தில் முதலில் ரத்தம் உறையும். சில நாட்களில் நார் நெய்யும் செல்கள் வந்து இறங்கும். அவை கொலாஜன் என்ற புரத நாரை இழை இழையாக விடும். மூன்றாவது வாரத்தில் நார்க் குவியல் உச்சத்தைத் தொடும். அதன் பிறகு நெய்ததைப் பிரித்து மறுபடி நெய்வது ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல் நடக்கிறது. சில செல்கள் தசைபோலச் சுருங்கி, புண்ணின் ஓரங்களை இழுத்து இறுக்கும். தோலில் இதை நாம் தழும்பு என்கிறோம். தோலுக்கு அது அழகுப் பிரச்சினை. உள்ளே, நரம்புப் பின்னலைச் சுற்றி அதே தழும்பு உண்டாகும்போது கதை வேறு. அறுத்துவிட்ட ஸ்கேலீன் தசையின் நுனி, விலா எலும்பு இருந்த இடத்தின் படுகையிலேயே மறுபடி ஒட்டிக்கொள்வதும் உண்டு.

நரம்பு என்பது சுவரில் பதித்த வயர் அல்ல. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது தோளருகே நரம்புப் பின்னல் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் வழுக்கி நகர வேண்டும். தழும்பு பிடித்துக்கொண்டால் வழுக்காது, இழுபடும். 1973-இல் லுண்ட்போரி, ரீடெவிக் என்ற ஸ்வீடன் ஆய்வாளர்கள் முயலின் கால் நரம்பை இழுத்துப் பார்த்தார்கள். நீளத்தில் 8 சதவீதம் இழுத்ததுமே நரம்புக்குள் ரத்த ஓட்டம் தடுமாறியது. 15 சதவீதத்தில் நின்றே போனது. பஸ் கம்பியைப் பிடித்தால் ஏன் சுளீர் என்கிறது என்பதற்கு இந்த முயல் பாதி விடை சொல்லிவிடுகிறது.

இரண்டாம் அறுவையை முதல் அறுவையின் மறுபதிப்பு என்று நினைக்கக் கூடாது. முதல் முறை மருத்துவர் பார்ப்பது பாடப்புத்தகத்தில் உள்ள உடல். இரண்டாம் முறை பார்ப்பது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போன வெளிறிய பரப்பு. எது நரம்பு, எது நார் என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துப் பிரிக்க வேண்டும். அதனால் முன்பு போன வழியை விட்டு வேறு வழியில் போவார்கள். அக்குள் வழியாகப் போயிருந்தால் இப்போது காறை எலும்புக்கு மேலே. மிச்ச எலும்பை எடுத்து, நரம்புகளைத் தழும்பிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து, மேலே கொழுப்புத் திசுவைப் போர்த்துவார்கள், மறுபடி ஒட்டாமல் இருக்கட்டுமென்று. பலன் கிடைக்கும் வாய்ப்பு முதல் தடவையைவிடக் குறைவு. ஆகவே இதற்கு அவசரப்படுவது தவறு. மார்பின் சிறு தசைக்கு அடியில் நரம்பு நெருங்குகிறதா, கழுத்துத் தட்டு பிதுங்கியிருக்கிறதா, முழங்கையிலோ மணிக்கட்டிலோ இன்னொரு முடிச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்கேலீன் தசைக்குள் மரப்பு ஊசி போட்டு, சில மணி நேரமாவது வலி விலகுகிறதா என்று பார்ப்பதும் உண்டு.

அறுவை முடிந்த மறுநாள் காலை, படுக்கையருகே மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியை வைப்பார்கள். வார்டில் பாதிப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதுவதற்கல்ல அது, உறிஞ்சுவதற்கு. மூச்சை ஆழமாக உள்ளே இழுத்துப் பந்தை மேலே நிறுத்தினால்தான் நுரையீரலின் அடிப்பகுதி விரியும். முதல் விலா எலும்புக்கு நேர் அடியில்தான் நுரையீரலின் உச்சி. அதன் உறையில் சிறு கிழிசல் விழுந்தாலும் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். மார்பு எக்ஸ்ரே எடுப்பது அதற்காக. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு ஸ்கேலீன் தசையின் மேலேயே ஒட்டிக்கொண்டு இறங்குகிறது. தழும்பிலிருந்து பிரிக்கும்போது அது அதிர்ந்துபோனால் சில மாதங்களுக்குப் பாதி உதரவிதானம் தூங்கும். வீட்டுக்குள் நடக்கும்போது தெரியாது. மலைக்கோட்டைப் படியில் கால் வைத்தால் தெரியும்.

அறுவை இடப்பக்கம் என்றால் இன்னொன்று. குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து வரும் நிணக்குழாய் அந்தப் பக்கம்தான் கழுத்தில் சேர்கிறது. அது கசிந்தால், சாப்பிட்ட பிறகு வடிகுழாயில் பால்போல வெள்ளையாக வரும். நர்ஸ் வந்து வந்து குழாயின் நிறத்தைப் பார்ப்பது வெறும் சடங்கல்ல. அப்போது சில நாட்களுக்குக் கொழுப்பில்லாத சாப்பாடு. பக்கத்துப் படுக்கைக்குச் சீரக சம்பா பிரியாணி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. கையைத் தூளியில் போட்டு அசையாமல் வைத்திருப்பதே நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எலும்பு முறிவுக்கு அது பொருந்தும். இங்கே நரம்பு அசையாமல் கிடந்தால் மூன்றாவது வாரத்தின் நார்க் குவியல் அதைப் பிடித்துக்கொள்ளும். அதற்காக இழுத்து வலிக்கவைத்தால் புதிய வீக்கம், அதனால் புதிய தழும்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. கையை நீட்டி மணிக்கட்டைப் பின்பக்கமாக மடக்கும்போது தலையை அதே பக்கம் சாய்ப்பது, மடக்கியதை விடும்போது தலையை மறுபக்கம் கொண்டுபோவது. நரம்பின் ஒரு முனை இழுபடும்போது மறுமுனை தளரும். மொத்தத்தில் அது நீளாமல் நகரும். பத்து தடவை, மெதுவாக, சுர்ரென்ற உணர்வு தொடங்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் இதை எத்தனை முறை சொன்னாலும், வலித்தால்தான் பயிற்சி என்று நம் ஊர் ஜிம் கற்றுக்கொடுத்தது மறப்பதில்லை.

மூச்சும் மாற வேண்டும். மாதக்கணக்கில் வலியோடு இருந்தவர் தோளைத் தூக்கி மேல் மார்பால் மூச்சு விடப் பழகியிருப்பார். அப்போது ஒவ்வொரு மூச்சுக்கும் ஸ்கேலீன் தசை வேலை செய்கிறது, ஒரு நாளைக்கு இருபதாயிரம் தடவை. மல்லாந்து படுத்து வயிறு எழும்படி மூச்சு விடுவதைக் குழந்தைக்குச் சொல்லித்தருவதுபோலச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இரவில் சுர்ரென்று எழுப்பும் வலிக்கு ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு மாத்திரைகள் தருவார்கள். தலை கிறுகிறுக்கும், பகலிலும் தூக்கம் வரும். அந்த நாட்களில் டிவிஎஸ் 50-ஐத் தொடக் கூடாது. வலி குறைந்ததும் மூட்டைக்குப் போய்விடலாம் என்ற எண்ணம்தான் இருப்பதிலேயே ஆபத்தானது. வலி முதலில் விடைபெறும், பலம் கடைசியில்தான் திரும்பும், தழும்பு இன்னும் நெய்துகொண்டிருக்கும். தோளில் சுமை ஏற்றும் வேலைக்கே திரும்ப முடியாமல் போகலாம் என்பதை அறுவைக்கு முன்பே பேசிவிடுவது நேர்மை. கமிஷன் கடையில் எடை எழுதும் வேலை கிடைப்பவர் பாக்கியசாலி. எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

நரம்பு நசுங்கி மட்டும் இருந்தால் வாரங்களில் தெளியும். உள்ளிருக்கும் நார்களே அறுந்திருந்தால் அவை கழுத்தருகிலிருந்து மறுபடி வளர்ந்து இறங்க வேண்டும். வேகம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். தோளிலிருந்து விரல்வரை எழுபது சென்டிமீட்டர் என்றால் கணக்கு இரண்டு வருடத்தை நெருங்குகிறது. உள்ளங்கையின் சிறு தசைகள் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. ஒன்றரை வருடத்துக்குள் நரம்பு வந்து சேராவிட்டால் அவை வற்றிவிடும். பெருவிரல் மேடு ஏற்கெனவே குழி விழுந்தவர்களுக்கு அது முழுதாக நிரம்பாது.

வளர்கிறதா என்று பார்க்க 1915-இல் பிரான்ஸின் ஜூல் டினெல் விவரித்த சோதனை இன்றும் போதுமானதாக இருக்கிறது. நரம்பு போகும் வழியில் விரல் நுனியால் தட்டிக்கொண்டே வருவார்கள். வளரும் முனை இருக்கும் இடத்தில் தட்டும்போது மட்டும் சுர்ரென்று சுண்டுவிரலுக்கு ஓடும். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. நம் லோடுமேனுக்குச் சென்ற மாதப் புள்ளி முழங்கைக்கு மூன்று விரல் மேலே இருந்தது. இந்த மாதம் இரண்டு விரல்.