யூரிக் அமிலக் கல்: அதன் பிறப்பும் காரணங்களும்

தருமபுரம் என்றவுடன் தமிழ் பயில்வார் உள்ளத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழே முதற்கண் தோன்றும். திருஞானசம்பந்தரின் பண் யாழ் நரம்பில் அடங்காமற் போயிற்று என்னும் வரலாற்றுக்குரிய ஊர், காரைக்காலை அடுத்துள்ள அத்தருமபுரமே. ஆயினும், கோடைக்காலத்தில் அவ்வூர்ப் பக்கம் செல்வார் செவியில் யாழைப்பற்றிய பேச்சினும் கல்லடைப்பைப்பற்றிய பேச்சே மிகுதியாய் விழும். "எங்கள் பக்கத்துத் தண்ணீர் உப்பு, அதைக் குடிக்கக் குடிக்கக் குண்டிக்காயிலே கல் சேருகிறது" என்று முதியோர் கூறுவர். இக்கூற்றில் மெய் எத்துணை, பிழை எத்துணை என்று ஆராயப் புகுந்தே யாம் இதனை எழுதுகின்றோம்.

சிறுநீரகத்தில் தோன்றும் கற்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. பெரும்பாலன கால்சியமும் ஆக்ஸலிக் அமிலமும் கூடி விளைவன. யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது, பல நாடுகளில் நூற்றுக்குப் பத்தளவாய்க் காணப்படும் யூரிக் அமிலக் கல்லாகும். 1776-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியற் புலவர் கார்ல் வில்லெம் ஷீலே, நோயாளர் உடலினின்றும் எடுத்த கல்லை ஆராய்ந்தே இவ்வமிலத்தைக் கண்டறிந்தார். ஆதலின் முற்காலத்தில் இதற்குக் 'கல்லமிலம்' என்னும் பொருளுடைய பெயரே வழங்கிற்று.

இவ்வமிலம் நஞ்சன்று, புறத்தேயிருந்து வருவதுமன்று. நம் உடலின் உயிரணுக்கள் தேய்ந்து அழியும்போதும், நாம் உண்ணும் ஊன் முதலியன செரிக்கும்போதும், அவற்றிலுள்ள பியூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகின்றது. பாலூட்டி விலங்குகளிற் பெரும்பாலனவற்றிற்கு இதனை மேலும் சிதைத்து நீரில் எளிதிற் கரையச் செய்யும் நொதியொன்று உண்டு. மனிதனும் வாலில்லாக் குரங்குகளும் அந்நொதியைப் பன்னெடுங்காலத்திற்கு முன்னரே இழந்துவிட்டனர். பேசும் நாவைப் பெற்ற மனிதன் இக்குறையையும் உடன்பெற்றான் போலும்.

அற்றேல், எல்லார்க்கும் கல் விளையாமை என்னை? விடை சிறுநீரின் புளிப்பில், அதாவது அமிலத்தன்மையில், உள்ளது. அதனை அளக்கும் பி.எச். எண் 5 ஆகுமிடத்து, ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 100 மில்லிகிராம் யூரிக் அமிலத்தையே கரைத்து வைத்திருக்கும். அவ்வெண் 7-ஐ எட்டினால் அதனிற் பத்து மடங்குக்கு மேலும் கரையும். நலமுடைய ஒருவர் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் அளவில் இதனைக் கழிக்கின்றார். அவர் சிறுநீர் ஒரு லிட்டராய்க் குறுகிப் புளிப்பும் மிகுந்திருந்தால், கரையக்கூடியது போக எஞ்சிய பெரும்பகுதி படிகமாய் இறங்க வழி தேடும். பதநீரைப் பாகாய்க் காய்ச்சி நூலிட்டு வைத்தால் அந்நூலைச் சுற்றிப் பனங்கற்கண்டு திரள்வதை அறிந்தார்க்கு இது விளங்கும். ஆகவே, யூரிக் அமிலம் மிகுதியாய்ச் சுரத்தலினும் சிறுநீர் இடையறாது புளித்திருத்தலே தலையாய காரணம் என்க. இதனை மறந்து ஊனுணவை மட்டும் பழிப்பது பொருந்தாது.

சிறுநீர் யாவர்க்குப் புளிக்கும்? நீரிழிவுடையார்க்கும் உடற்பருமன் மிக்கார்க்கும் பெரும்பாலும் அவ்வாறாகும். உடலிற் சேரும் அமிலத்தை ஏற்றுத் தணிக்கும் அம்மோனியாவை அவர்களுடைய சிறுநீரகம் போதிய அளவு ஆக்குவதில்லை. நெடுநாள் வயிற்றுப்போக்குடையார் நீரையும் காரச்சத்தையும் ஒருங்கே இழப்பதால் இக்கல்லுக்கு ஆளாவர். கீல்வாதமாகிய கவுட் நோயுடையாரும், சில புற்றுநோய்களுக்கு மருந்துண்டு உயிரணுக்கள் விரைந்து அழியப்பெறுவாரும் இவ்வினத்தரே.

கல்லடைப்பின் கொடுமையை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில் 1706-ல் சீகன்பால்கு வந்திறங்கித் தொடங்கிய திருப்பணி லுத்தரன் திருச்சபையினது. அச்சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூதரே 1537-ல் ஷ்மால்கால்டன் என்னும் நகரில் கல்லடைப்பால் பல நாள் நீரிறங்காது சாவின் வாயிலில் நின்றார். ஊர் திரும்பும் வழியில், வண்டியின் குலுக்கலுக்குப் பின்னரே அவர்க்கு நீர் இறங்கிற்று.

முற்காலத்தார் இதனைச் செல்வர் பந்தியின் நோய் என்று கருதினர். வெயிலில் உழைப்பாரை நோக்குங்கால் அக்கருத்து நில்லாது. இத்தாலி நாட்டில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலைத் தொழிலாளரை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்ட செய்தி கருதத்தக்கது. உலை வெப்பத்தில் உழைத்தவருள் நூற்றுக்கு 8.5 பேரும், குளிர்ந்த இடத்தில் உழைத்தவருள் நூற்றுக்கு 2.4 பேரும் கல்லுற்றிருந்தனர். வெப்பத்தில் உழைத்துக் கல்லுற்றாருள் ஏறத்தாழ நூற்றுக்கு 39 பேருக்கு அது யூரிக் அமிலக் கல்லாயிருந்தது. வியர்வையாய் நீர் போயின், எஞ்சிய சிறுநீர் குறுகும், புளிப்பும் ஏறும். இவ்வுண்மையை நம் கரைக்குப் பொருத்திப் பார்மின். கழனியில் குனிந்து நிற்போரும், வேதாரணியத்து உப்பளத்தில் உழைப்போரும், குடத்து நீரைக் கணக்கிட்டுப் பருகிக் கடலில் நாள்கழிக்கும் மீனவரும் எந்த உலைக்களத்துக்குக் குறைந்த வெயிலில் நிற்கின்றனர்? பெண்டிர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வேலைத்தலத்தில் ஒதுங்க மறைவிடம் இல்லாமையால், நாவறண்டும் நீர் குடியாதிருப்பார் பலர். இஃது அவர்தம் பிழையன்று. மறைவிடம் அமைத்துத் தாராதார் பிழை.

இனி, முதியோர் கூற்றுக்கு வருவோம். உவர்நீரிற் கரைந்துள்ள உப்பும் சுண்ணமும் யூரிக் அமிலமாய் மாறுவதில்லை. ஆதலின் இக்கல்லைப் பொறுத்தவரை அவர் சொன்ன காரணம் பிழை. ஆயினும் உவர்ப்பால் வாய்க்கு ஒவ்வாத நீரை மக்கள் குறைத்தே பருகுவர். அக்குறைவே கல்லுக்கு வித்தாகின்றது. காரணம் பிழைத்தாலும் கண்டது பிழையவில்லை.

உணவைப்பற்றியும் சிறிது கூறுதும். ஈரல், நெத்திலி, மத்தி, மதுவகை ஆகியன யூரிக் அமிலத்தை மிகுவிப்பன. எலுமிச்சை புளிப்பாயினும் அதிலுள்ள சிட்ரேட் உடலிற் காரமாய் மாறுதலின், சிறுநீரின் புளிப்பை ஓரளவு தணிக்கும். சிறுபீளைக் குடிநீரை நம் நாட்டு மருத்துவர் கல்லடைப்புக்கு நெடுங்காலமாய் வழங்கி வருகின்றனர். பொங்கற் காப்பிற் கட்டும் அதே பூண்டுதான். அதனோடு உட்செல்லும் நீரின் பயனும் அதிற் சேர்ந்துள்ளது என்பது எம் கருத்து.

இக்கல்லுக்கு இரண்டு தனித்தன்மைகள் உண்டு. பொதுவான எக்ஸ்ரே படத்தில் இது தோன்றாது, அல்ட்ராசவுண்டு, சி.டி. படங்களிலேயே புலப்படும். ஆதலின் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று கேட்டு வீடு திரும்பி வலியால் துடிப்பாரும் உளர். மற்றொன்று நல்ல செய்தி. கால்சியக் கல்லைக் கரைக்க மருந்தில்லை. இதனையோ பொட்டாசியம் சிட்ரேட்டு முதலியவற்றால் சிறுநீரின் பி.எச். எண்ணை 6.5 அளவில் நிறுத்தி, கத்தியின்றியே கரைக்கலாம். அவ்வெண் 7-ஐக் கடந்தால் வேறுவகைக் கல் விளையுமாதலின், மருத்துவர் அளந்து தருவதே முறை. காய்ச்சலோடு வலி கூடினாலும், நீர் அறவே இறங்காவிடினும், அன்றே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். பிற நாளில், சிறுநீர் இரண்டு லிட்டருக்கு மேல் இறங்குமளவு நீர் பருகுக. வெயிலில் நிற்போர்க்கு அதனினும் மிகுதி வேண்டும்.